அம்மாயி ஒரு ஞாயிறும் தவறவில்லை, நாங்கள் பண்டிகைக்கு மட்டும் போகிறோம்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு 41 வயது. சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். என் அம்மாயி (அம்மாவின் அம்மா) ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை செய்தவர். மழையானாலும் பனியானாலும் ஞாயிறுதோறும் நடந்தே ஆலயத்துக்கு வருவார். பழ சீசனில் ஞாயிறு வேலைக்குக் கூடுதல் கூலி தருவதாகக் கூப்பிட்டாலும் போக மாட்டார். போன தை மாதம், ஒரு வியாழக்கிழமை காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது ஒரு கைக்குட்டை முனையில் இருபது ரூபாய் நோட்டு முடிந்திருந்தது. அடுத்த ஞாயிறுக்கான காணிக்கை. அன்றிலிருந்து என் மனது சரியில்லை.

என் கணவருக்கு ஷிப்ட் வேலை. மகள் பத்தாம் வகுப்பு, ஞாயிறு காலை டியூஷன். மகன் ஐந்தாம் வகுப்பு. கொரோனா சமயத்தில் போனில் ஆராதனை பார்க்க ஆரம்பித்தோம், அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. இப்போது கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஈஸ்டர், அவ்வளவுதான். "கடவுள் வீட்லயும்தான் இருக்காரு" என்கிறார் கணவர். மகள் "போரடிக்குது" என்கிறாள். வாராவாரம் போவது அவ்வளவு அவசியமா? பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தலாமா? (ஒருமுறை கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் என் கணவரை எல்லார் முன்பும் கேவலமாகப் பேசிவிட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவர் சொல்கிறார்.)

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்தக் கைக்குட்டை முடிச்சில் வந்து நின்றுவிட்டேன். வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தவர், ஞாயிறுக்கு மூன்று நாள் இருக்கும்போதே காணிக்கையை முடிந்து வைத்திருக்கிறார். எழுந்து நடக்க முடிந்தால் போயிருப்பார், முடியாவிட்டால் யாரிடமாவது கொடுத்து அனுப்பியிருப்பார். போவதா வேண்டாமா என்ற யோசனைக்கே அந்த வீட்டில் இடம் இருந்திருக்காது.

உங்களுக்கும் அம்மாயிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். அவருக்கு விசுவாசம் அதிகம், உங்களுக்குக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். இப்படி ஒரு கடிதம் எழுதுகிறவருக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்ல முடியும்? நம் வீடுகளில் சனிக்கிழமை ராத்திரி "நாளைக்குக் கோயிலுக்குப் போறமா?" என்று ஒரு கேள்வி எழுகிறது. கேள்வி எழுந்துவிட்டால் பதிலுக்குப் பஞ்சமே இருக்காது. ராத்திரி லேட்டாகிவிட்டது, நாளைக்கு ஒரு நிச்சயதார்த்தம் இருக்கிறது, பையனுக்குச் சளி, மழை வரும்போலிருக்கிறது. ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். உங்கள் அம்மாயி அந்த முடிவை எப்போதோ ஒரு தடவை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வாராவாரம் புதிதாக முடிவெடுக்கும் பாரம் அவருக்கு இல்லை.

ஊழியத்துக்கு வந்த புதிதில் நான் உங்கள் அம்மாயி இருந்த ஏற்காட்டுச் சேர்வராயன் மலையில் நாலு வருடம் இருந்தேன். ஞாயிறு காலை முதல் மணி அடிக்கும்போது ஆலய வாசல் மரம்கூடத் தெரியாது, அப்படிப் பனி மூடியிருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளைக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் மட்டும் முதலில் வரும், அப்புறம் ஆட்கள் வருவார்கள். எஸ்டேட்டுப் பெண்கள் தலையில் போட்டு வந்த கொங்காணியைக் கழற்றி உதறி வராந்தாச் சுவரில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். குழாயடியில் காலைக் கழுவி, முடிச்சாகக் கட்டி எடுத்து வந்த நல்ல சேலையைத் திண்ணை ஓரத்து அறையில் மாற்றிக்கொண்டு உள்ளே வருவார்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் எடுக்கும் காலம். அந்த நாட்களில் நற்கருணைக்குக் கை நீட்டினால் விரல் நுனியெல்லாம் பழச்சாறு ஏறிக் கறுத்திருக்கும். தேய்த்துக் கழுவினாலும் போகாத கறை அது. வெளுத்த கைகளைவிட அந்தக் கைகளில் அப்பத்தை வைத்தபோதுதான் எனக்கு நடுக்கம் வந்தது.

அந்தக் காலத்தில் அவர்களுக்குப் போக வேறு இடம் ஏது, டிவி உண்டா, மால் உண்டா என்று கேட்கலாம். வாஸ்தவம்தான். ஆலயம்தான் அவர்களுக்கு நாலு பேரைப் பார்க்கும் இடம், நல்லது கெட்டது தெரிந்துகொள்ளும் இடம். ஆனால் பழ சீசன் கூலியை வேண்டாம் என்று சொன்னதை அப்படி விளக்கிவிட முடியாது. கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு வருடத்தில் நாலு காசு கையில் நிற்பது அந்த இரண்டு மூன்று மாதம்தான். அதிலே ஞாயிறு ஞாயிறாக ஒரு நாள் கூலியை விட்டவர் உங்கள் அம்மாயி. போக்கிடம் இல்லாமல் வந்தவர் அப்படிச் செய்ய மாட்டார்.

அவர்களில் ஒரு பாட்டியிடம் நான் அறியாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். ஐப்பசி அடைமழை. முழுக்க நனைந்து வந்திருந்தார். "இவ்வளவு மழையில நடந்து வரணுமா பாட்டி, ஒரு வாரம் வீட்டுல இருந்து ஜெபிச்சாக் கடவுள் கேக்க மாட்டாரா?" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "கேப்பாருங்க ஐயா. ஆனா நான் வரலீன்னா என் எடம் காலியாக் கெடக்குமுங்களே" என்றார். வயதானவர் பழக்க தோஷத்தில் சொல்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். அதன் அர்த்தம் எனக்குப் புரிய வருடங்கள் ஆயின.

பிறகு மலையிலிருந்து இறங்கி வேறொரு சபையில் இருந்தேன். தனியாக இருந்த ஒரு பெரியவர் வலது பக்கம் மூன்றாவது பெஞ்சில், சுவர் ஓரம் உட்காருவார். ஒரு ஞாயிறு அந்த இடம் காலி. முதல் பாட்டு முடியும் முன்பே பின் பெஞ்சு அம்மா ஒருவர் எழுந்து போய், ஆலய வேலைகளைக் கவனிக்கும் கோயில் பிள்ளையிடம் ஏதோ சொன்னார். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பெரியவர் குளியலறையில் விழுந்து, எழ முடியாமல் விடியற்காலையிலிருந்து கிடந்திருக்கிறார். பிரசங்கம் முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டார். மாதத்துக்கு ஒருமுறை வருகிறவராக அவர் இருந்திருந்தால் அந்த இடம் காலியாக இருந்ததை யார் கவனித்திருப்பார்கள்?

இது சபையின் ஆதிமுதல் வழக்கம். இரத்தசாட்சியாக மரித்த யுஸ்தீன் என்பவர் ஏறக்குறைய கி.பி. 150-ல் ரோமாபுரியில் எழுதி வைத்திருக்கிறார். ஞாயிறன்று பட்டணத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுவார்கள், வேதம் வாசிப்பார்கள், ஜெபித்து அப்பம் பகிர்வார்கள், காணிக்கை எடுத்து அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருக்கிறவர்களுக்கும் கொடுப்பார்கள். கூடவே ஒன்று சொல்கிறார்: வர முடியாதவர்களுக்கு அந்த அப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று. அப்படியென்றால் இன்று யார் வரவில்லை என்று ஒருவர் கண்ணால் தேடியிருக்க வேண்டும். ஏறக்குறைய 1,870 வருடங்களுக்கு முன்பும் காலியான இடத்துக்குக் கணக்கு இருந்திருக்கிறது.

"கடவுள் வீட்லயும் இருக்காரு" என்று உங்கள் கணவர் சொல்வதில் பிழை இல்லை. வீட்டு ஜெபம் இல்லாத ஆலய ஜெபம் வெறும் சடங்காகிவிடும் என்று நானே பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் இயேசு நாசரேத்துக்கு வந்தபோது "தம்முடைய வழக்கத்தின்படியே" ஓய்வுநாளில் ஜெபஆலயத்துக்குப் போனார் என்று லூக்கா எழுதுகிறார். பிதாவோடு அவரைவிட நெருக்கமானவர் யாரும் இல்லை. மலைமேல் தனியாக ராத்திரி முழுக்க ஜெபித்தவர் அவர். அவருக்கே வழக்கம் இருந்தது.

தோமாவையும் நினைத்துப் பாருங்கள். உயிர்த்தெழுந்த ஞாயிறு சாயங்காலம் சீடர்கள் கூடியிருந்த இடத்தில் அவர் இல்லை. மற்றவர்கள் சொன்னதை அவரால் நம்ப முடியவில்லை. எட்டு நாள் கழித்து, நம்பாமலேதான், திரும்ப வந்து அவர்களோடு இருந்தார். அன்றைக்குக் கர்த்தர் வந்தார். தோமாவைத் தனியாக ஒரு தெருவிலோ வீட்டிலோ சந்தித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், அவர் மற்றவர்களோடு வந்து சேரும்வரை பொறுத்திருந்தார். சந்தேகத்தோடும் சலிப்போடும் வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

போன் ஆராதனை பற்றி ஒரு வார்த்தை. படுக்கையில் இருக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி, நானே பலருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நடக்க முடிந்தவர்களுக்கு அது போதாது. போனுக்கு நீங்கள் வந்ததும் தெரியாது, வராததும் தெரியாது.

இன்னொன்று. உங்கள் அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. அந்தத் தலைமுறை எஸ்டேட்டுப் பெண்கள் பலருக்குத் தெரியாது. ஆனால் 23-ஆம் சங்கீதத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்வார்கள். எப்படி வந்தது? வாராவாரம் காதில் விழுந்து விழுந்து வந்தது. தமிழில் வேதம் வருவதற்கு எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாக வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பு வேலை செய்த பீட்டர் பெர்சிவல் 1882-ல் கண்மூடியது நம் ஏற்காட்டில்தான். நம் சபைகளில் வாசிக்கிற வேதாகமம் அவருடைய மொழிபெயர்ப்புக்குப் பிறகு, அவர் உயிரோடிருந்தபோதே, பவர் ஐயர் தலைமையில் 1871-ல் வெளிவந்தது. அச்சான புத்தகம் இருந்தும், எழுத்து தெரியாதவர்களுக்கு அதைத் திறந்து கொடுத்தது ஞாயிறு ஆராதனைதான். ஒரு வாரம் தவறினால் அந்த வாரத்துப் பங்கு அவர்களுக்கு இல்லை. உங்கள் மகளிடம் போனில் பத்து மொழிபெயர்ப்பு இருக்கலாம். அதில் எத்தனை வரி அவளுக்கு மனதில் நிற்கிறது என்று ஒருநாள் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள்.

இனி நீங்கள் அடைப்புக்குள் போட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். ஷிப்ட், டியூஷன், கொரோனா எல்லாம் வெளியே சொல்லும் காரணம். எல்லார் முன்பும் அவமானப்பட்ட ஒரு மனிதர், அந்த வாசலை மிதிக்க மனம் வராமல் இருக்கிறார். "சம்பந்தம் இல்லை" என்று அவர் சொல்வது, வலி இன்னும் ஆறவில்லை என்பதைத்தான் காட்டுகிறது. இப்படி ஒதுங்கிப்போன குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கமிட்டி, தேர்தல், கணக்கு என்று வரும்போது நாம் ஒருவரை ஒருவர் காயப்படுத்துகிறோம். ஊழியனாக எனக்கு இது பெரிய துக்கம். உங்கள் கணவருக்கு நடந்தது தவறு. அதை முதலில் நீங்கள் அவரிடம் சொல்லுங்கள்: "உங்களை அப்படிப் பேசினது தப்புங்க" என்று. இதுவரை யாராவது அவரிடம் அதைச் சொல்லியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. ஊழியத்துக்கு வரும் முன், இருபத்திரண்டு வயதில், எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் பாடகர் குழுவில் எல்லார் முன்பும் என்னைத் திட்டி வெளியே அனுப்பினார். ஏழு மாதம் நான் ஆலயத்துக்குப் போகவில்லை. என் அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கதவு ஆணியில் மாட்டிவைப்பார். ஞாயிறு சாயங்காலம் அதைப் பேசாமல் எடுத்து மடித்து உள்ளே வைப்பார். ஏழு மாதம் இது நடந்தது. ஒரு ஞாயிறு நான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அம்மா அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

எனவே கணவரிடம் வாதாடாதீர்கள். வசனம் காட்டாதீர்கள். உங்கள் ஆயரைத் தனியாகப் பார்த்து நடந்ததைச் சொல்லி, அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், உபதேசம் செய்ய வேண்டாம், ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போகட்டும். பேசியவர் மன்னிப்புக் கேட்க வைக்க முடிந்தால் நல்லது. அதற்காகக் காத்திருந்தால் வருடங்கள் ஓடிவிடும். அந்த ஆள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை என்றால், வேறு நேர ஆராதனைக்குப் போகலாம். அதுவும் முடியாது என்றால் கொஞ்ச காலம் வேறொரு சபையில் உட்காரலாம். நம் சேலத்தில் ஆலயத்துக்குக் குறைவில்லை. லண்டன் மிஷன் இங்கே 1827-ல் கால் வைத்த காலத்திலிருந்து எத்தனையோ சபைகள் எழும்பியிருக்கின்றன. எங்கும் போகாமல் இருப்பதைவிட அது மேல்.

ஷிப்ட் பற்றி: நர்ஸ், போலீஸ், ரயில்வே, மில் வேலை என்று ஞாயிறு தவறாமல் வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். நைட் ஷிப்ட் முடித்துக் கண் எரிய வருகிற மனிதரை எட்டரை மணிக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். சாயங்கால ஆராதனை இருந்தால் அதற்கு வரட்டும். ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளை மட்டும் முதலில் பிடியுங்கள்.

பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தலாமா என்று கேட்டீர்கள். மகனுக்குப் பத்து வயதுதான், உங்களோடு வரட்டும். பள்ளிக்கூடம் போகிறாயா என்று அந்த வயதில் யாரும் நம்மைக் கேட்டதில்லை. ஆனால் அவனை ஓய்வுநாள் பள்ளியில் இறக்கிவிட்டுக் கறிக்கடை வரிசையில் போய் நிற்காதீர்கள். பெற்றோர் வெளியே நிற்கும் இடத்துக்குத் தான் மட்டும் ஏன் போக வேண்டும் என்று பிள்ளைக்குத் தோன்றும். கறி பதினொரு மணிக்கும் கிடைக்கும்.

மகள் விஷயம் வேறு. "போரடிக்குது" என்று அவள் வெளிப்படையாகச் சொல்வது நல்லது, அதற்காகத் திட்டாதீர்கள். சில ஞாயிறுகள் எனக்கே வறட்சியாகத்தான் போயிருக்கின்றன, பிரசங்கித்தவன் நான்தான் என்றபோதும். அவளுக்கு ஒரு வேலை கொடுக்கச் சொல்லி ஆயரிடம் கேளுங்கள். வேத பாடம் வாசிக்கட்டும், சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கட்டும். தன்னை எதிர்பார்த்து அங்கே நாலு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் பாதிச் சலிப்பு போய்விடும். டியூஷன் மாஸ்டரிடம் நேரில் போய், ஞாயிறு வகுப்பைச் சாயங்காலத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கேட்டால் மாற்றிக் கொடுக்கிறார்கள், நாம் கேட்பதில்லை. பத்தாம் வகுப்பு முடியட்டும் என்று தள்ளி வைத்தால் அடுத்து பதினொன்று, பன்னிரண்டு, நீட் என்று வந்துகொண்டே இருக்கும். பங்குனி மாதம் ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு ஜெபத்துக்கு வரும் பிள்ளைகளுக்காக நான் மனதார ஜெபித்திருக்கிறேன். வருடம் முழுக்க அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரிந்திருந்தால் இன்னும் நன்றாக ஜெபித்திருப்பேன்.

சனிக்கிழமை ராத்திரியில் ஆரம்பியுங்கள். மாவு ஆட்டி வைத்து, துணி எடுத்து வைத்து, காணிக்கையையும் எடுத்து வையுங்கள். "போறமா?" என்று யாரையும் கேட்காதீர்கள், "நான் எட்டு மணிக்குக் கிளம்பறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். முதல் சில வாரம் நீங்களும் மகனும் மட்டும் போவீர்கள். பரவாயில்லை. அம்மாயிக்குப் பட்ட கடனைத் தீர்ப்பதாக நினைத்துப் போகாதீர்கள், அந்த எண்ணம் நாலு வாரத்துக்கு மேல் தாங்காது. போய் உட்காருங்கள், பக்கத்தில் இருக்கிறவர் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த இருபது ரூபாயை நீங்கள் இன்னும் முடிச்சு அவிழ்க்காமல் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கணவருக்கு லீவு கிடைக்கிற ஒரு ஞாயிறு, விடியற்காலையில் குடும்பத்தோடு மலைக்கு ஏறுங்கள். அம்மாயி நடந்த பாதையில் கடைசி ஒரு கிலோமீட்டராவது பிள்ளைகளை நடக்க வையுங்கள். அந்தக் காணிக்கையை மகள் கையால் பையில் போடச் சொல்லுங்கள். அம்மாயி உட்கார்ந்த இடத்தைச் சபையில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். அங்கே இப்போது யார் உட்காருகிறார் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.